வேலூரில் ஒரு போர்க்கப்பல் செய்வது எப்படி

போன வருஷம் அக்கா பெண்ணின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு கப்பல் செய்து கொடுத்தேன். நீலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் சுற்றி நிற்க, அவள் அதை மெதுவாக மிதக்கவிட்டாள். கப்பல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது, அங்கேயே ஒரு நொடி நின்றது, அப்புறம் குப்புறக் கவிழ்ந்து சிவப்பு அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. "இன்னாடா இது, கப்பல் கேட்டா நீர்மூழ்கி செஞ்சி எடுத்தாந்துகீற?" என்றார் பெரியப்பா. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள், எல்லோருக்கும் ஒரு கருத்தும் இருக்கும். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய பட்டியல் உண்டே, அதில் "மெதக்காத கப்பல்" என்று ஒன்றையும் சேர்த்துவிட்டார்.

இந்த வருஷம் செய்தது மிதந்தது. எப்படி என்று எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் எந்தக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் எல்லோரும் விமானந்தாங்கிக் கப்பல்தான் கேட்பார்கள். வேண்டாம். விக்ராந்த் 262 மீட்டர் நீளம், அதை எந்த அளவுக்குச் சுருக்கினாலும் மேல்தளம் தவிர ஒன்றும் தெரியாது. நான் சொல்வது கரையோரம் ரோந்து சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடும் சின்னக் கப்பல். நம் கடற்படையில் இப்போது வந்துகொண்டிருக்கும் அர்னாலா வகை இதற்குக் கச்சிதம். கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்துக்கு 2019-ல் இந்த வகையில் எட்டுக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் கொடுத்தார்கள். முதல் கப்பலான அர்னாலா தண்ணீரில் இறங்கியது எங்கே தெரியுமா, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில், 2022 டிசம்பரில். 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் இரண்டாவது கப்பல் ஆந்த்ரோத். அர்னாலா என்பது மகாராஷ்டிரத்தில் வசை அருகே தீவில் இருக்கும் ஒரு கோட்டையின் பெயர். கோட்டை ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கூடுதல் காரணம்.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அரக்கோணத்தைக் காட்டுங்கள். ஒரு காலத்தில் வட ஆற்காடு, அப்புறம் வேலூர், 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே இருக்கும் ஐஎன்எஸ் ராஜாளி 1992-ல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். அங்கிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களின் முக்கியமான வேலையே நீர்மூழ்கி தேடுவதுதான். வானத்தில் இருந்து அது தேடுகிறது, கரையோரத் தண்ணீரில் அர்னாலா தேடுகிறது. ஒன்று மட்டும், அந்தத் தளத்தின் வேலிப் பக்கம் போய்ப் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். மாதிரி செய்யத் தேவையான படங்களைக் கடற்படையே வெளியிட்டிருக்கிறது, பக்கவாட்டுப் படம் ஒன்றும் முன்பக்கப் படம் ஒன்றும் இருந்தால் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் செய்த முதல் தப்பு இங்கேதான், அளவே எடுக்காமல் "ஒரு முக்கால் மீட்டர் இருக்கட்டும்" என்று வெட்ட ஆரம்பித்தேன். இந்தத் தடவை நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். நிஜக் கப்பல் 77.6 மீட்டர் நீளம், 10.5 மீட்டர் அகலம், தண்ணீருக்குள் சுமார் 2.7 மீட்டர் இறங்கும். ஆக மாதிரி 77.6 சென்டிமீட்டர், 10.5 சென்டிமீட்டர், 2.7 சென்டிமீட்டர். ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டாம், மீட்டரைச் சென்டிமீட்டர் என்று வாசித்தால் முடிந்தது. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். இதற்கு முந்திய கமோர்த்தா வகை 109 மீட்டர், அதைச் செய்தால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்.

எடைக் கணக்கு இன்னும் அழகு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறில் ஒன்றாகக் குறைந்தால் எடை பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். கப்பலைக் கட்டியவர்கள் சொன்ன எடை சுமார் 900 டன், பத்து லட்சத்தால் வகுத்தால் 900 கிராம். மாதிரி 900 கிராம் இருந்தால்தான் 2.7 சென்டிமீட்டர் இறங்கி, படத்தில் இருப்பது மாதிரியே மிதக்கும். குறைந்தால் தக்கை மாதிரி மேலே நிற்கும், கூடினால் தளத்தில் தண்ணீர் ஏறும். செய்திகளில் 1490 டன் என்றும் ஓர் எண் வரும், குழம்ப வேண்டாம், மொத்த டன்னேஜ் என்று அவர்கள் சொல்வது கொள்ளளவுக் கணக்கு.

சாமான் விஷயம். பால்சா மரம் நம்ம ஊரில் தேடி அலைய வேண்டாம். நான் வேலை பார்ப்பது பேனர் கடையில், அதனால் சன் போர்டு வெட்டுத் துண்டுகள் சும்மா கிடைக்கும். உங்களுக்கும் எந்த ஃப்ளெக்ஸ் கடையிலும் சொன்ன விலைக்குக் கொடுப்பார்கள், சில சமயம் சும்மாவே. 3 மில்லிமீட்டர் தடிமனில் நாலு பெரிய துண்டு, மேல்தோலுக்கு 2 மில்லிமீட்டரில் இரண்டு. இது பிளாஸ்டிக் நுரைப் பலகை, தண்ணீரில் ஊறாது, கட்டர் பிளேடில் வெட்டலாம். உள்ளே நிரப்பத் தெர்மாகோல், பழைய டிவி பெட்டியில் வந்ததே போதும். ஃபெவிக்விக், ஃபெவிகால், எம்-சீல், வண்டிக்குப் பூசும் பட்டி, சாம்பல் பிரைமர். லாங் பஜாரில் ஒரே ஹார்டுவேர் கடையில் எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபெவிக்விக் சன் போர்டைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். தெர்மாகோல் மேல் நேரடியாக அடித்தால் சுட்ட அப்பளம் மாதிரி சுருங்கிக் குழி விழும், கண்ணெதிரே கப்பல் மூக்கு காணாமல் போகும். தெர்மாகோலுக்கு ஃபெவிகால் மட்டும், அது முழுக்கத் தோலுக்குள் மூடிய பிறகுதான் ஸ்ப்ரே.

உடல் கட்டுவது இப்படி. 77 சென்டிமீட்டர் நீள அடிச்சட்டம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், மூக்குப் பக்கம் சாய்வாக மேலே ஏற வேண்டும். அதில் 7 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள், மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் வெட்டிவிடாதீர்கள், அப்படி வெட்டினால் கிடைப்பது கப்பல் இல்லை, சோப்பு டப்பா. முன்னால் இருக்கும் இரண்டு மூன்று சட்டங்கள் கூர்மையான "வி" மாதிரி, நடுவில் அடி உருண்டு வயிறு வைத்த மாதிரி, பின்னால் போகப் போக அடி தட்டையாகி அகலமாகவே முடிய வேண்டும். அடிச்சட்டத்தில் இருந்து தளம் வரை உயரம் 6 சென்டிமீட்டர் வையுங்கள். சட்டங்களுக்கு இடையே தெர்மாகோல் துண்டுகளை ஃபெவிகால் தடவிச் சொருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, உப்புத் தாளால் தேய்த்து வளைவைச் சமப்படுத்தி, அப்புறம் 2 மில்லிமீட்டர் தோல். தோல் வளையாது, அடம் பிடிக்கும். முடி உலர்த்தும் டிரையரை ஒரு நிமிஷம் காட்டுங்கள், வாழை இலை மாதிரி இளகும், பிடித்து அழுத்திச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்தால் உட்கார்ந்துவிடும். மூக்கு வளைவுக்கு மட்டும் பொறுமை வேண்டும், எனக்கு மூன்று துண்டு வீணானது. தோல் இணையும் கோடெல்லாம் பட்டி வைத்து அடைக்க வேண்டும். ஓர் ஓட்டை விட்டாலும் தெர்மாகோல் இடுக்குகளில் தண்ணீர் போய் உட்காரும், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பின்பக்கத்தில் பெரிய காற்றாடி வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். இந்த வகைக்குக் காற்றாடி கிடையாது. மூன்று டீசல் என்ஜின், மூன்றும் நீர்ப்பீச்சியை ஓட்டும், அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி அந்த உந்தலில் கப்பல் போகும், 25 நாட் வரை, அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். இப்படி டீசலும் நீர்ப்பீச்சியும் சேர்ந்து ஓட்டும் நம் போர்க்கப்பல்களில் அர்னாலாதான் பெரியது என்று கடற்படை சொன்னது. ஆழமில்லாத தண்ணீரில் தரை தட்டிக் காற்றாடி உடையும் பயம் இல்லை. அதனால் பின்சுவரில் மூன்று வட்ட ஓட்டை போட்டு, சொட்டு மருந்துப் பாட்டில் மூடியை அறுத்து உள்ளே பொருத்தினால் முடிந்தது.

இப்போது இந்தக் கப்பலின் உயிரான பாகம், சோனார், அதாவது தண்ணீருக்குள் ஒலியையும் எதிரொலியையும் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவி. பிள்ளைகள் பீரங்கிக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். இந்தக் கப்பலின் பிழைப்பே காதில்தான் இருக்கிறது, பீரங்கி பெயருக்கு ஒன்று, 30 மில்லிமீட்டர். முன்மூக்கின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும், அதற்குள்தான் சோனார் உட்கார்ந்திருக்கும். எம்-சீலை நன்றாகப் பிசைந்து பெரிய நெல்லிக்காயை நீளவாக்கில் அமுக்கிய மாதிரி உருட்டி, அடிச்சட்டத்தின் முன்பகுதியில் ஒட்டி, ஈரவிரலால் தடவி விடுங்கள், கோடு தெரியக் கூடாது. அது எடையாகவும் கீழே நிற்கும், நமக்கு லாபம்.

இரண்டாவது காது பின்னால். ஆழம் மாற்றக்கூடிய சோனார் என்று சொல்கிறார்கள், கேபிளில் கட்டிக் கடலுக்குள் இறக்கி இழுத்துக்கொண்டு போவது. இதைக் காட்ட, பின்தளத்தில் தையல் மெஷின் பாபினை வைத்து அதில் கறுப்பு நூலைச் சுற்றி, நுனியில் பாசிமணி ஒன்றைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். எதற்கு இரண்டு காது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள், அதற்குத்தான் கீழே ஒரு கண்ணாடித் தொட்டி வேலை சொல்கிறேன்.

மேல்கட்டுமானம் சுலபம், படத்தைப் பார்த்துப் பெட்டி பெட்டியாக ஒட்டுவதுதான். ஆனால் இங்கே 3 மில்லிமீட்டர் பலகை வேண்டாம், 2 மில்லிமீட்டரோ தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டையோ போதும், காரணம் அப்புறம் தெரியும். முன்னால் பீரங்கிக்குக் குண்டூசி, தலையை வெட்டிவிட்டு. நீர்மூழ்கி மேல் வீசும் ராக்கெட் ஏவி பன்னிரண்டு குழல் கொண்டது, குதிரை லாடம் மாதிரி வளைவாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு குழலும் 21 சென்டிமீட்டர் வாய். நம் அளவில் 2 மில்லிமீட்டர். தீர்ந்துபோன பேனா ரீஃபில் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி, நூல் சுற்றிக் கட்டி, லாட வடிவில் ஒட்டினேன். ஒட்டும்போது விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. டார்ப்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு, அதை விடும் குழாய் இரண்டு பக்கமும் மூன்று மூன்று, அதன் வாய் 32 சென்டிமீட்டர், அதற்கு லாலிபாப் குச்சி. இந்தக் கப்பலில் ஹெலிகாப்டர் தளம் இல்லை. கமோர்த்தாவில் உண்டு, அதைப் பார்த்து இதில் வரைந்துவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

இனி எடை. கட்டிமுடித்த உடலைச் சமையலறைத் தராசில் வையுங்கள். எனக்கு 610 கிராம் வந்தது. மீதி 290 கிராம் அடியில் போக வேண்டும். இதற்கு நல்ல சாமான் பஞ்சர் கடையில் கிடைக்கும், கார் சக்கரத்தை பேலன்ஸ் செய்ய ஒட்டுகிற எடை, 5 கிராம் 10 கிராம் என்று கட்டமாக இருக்கும், பின்னால் பசையும் உண்டு, எண்ணி ஒட்டலாம். ஆகவே தளத்தை முதலிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். அடிச்சட்டத்தின் இரண்டு பக்கமும் தெர்மாகோலில் நீளப் பள்ளம் எடுத்து, எடைகளை அதன் அடியில் வரிசையாக வையுங்கள். முதல் கப்பல் கவிழ்ந்ததற்குக் காரணம் இதுதான், அதில் எடையே வைக்கவில்லை, மேலே மட்டும் பலகையும் பெயின்ட்டும் கோந்துமாக அடுக்கியிருந்தேன். கரகம் ஆடுகிறவருக்குத் தெரியும் தலைக்கனம் எப்படி இழுக்கும் என்று, ஆனால் அவருக்குக் கால் இருக்கிறது, கப்பலுக்கு இல்லை.

தொட்டியில் விடுவதற்கு முன் பக்கவாட்டில், அடியில் இருந்து 2.7 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் இரண்டு கட்டத்தைப் பின்னால் நகர்த்துங்கள், இடது சாய்ந்தால் வலதுக்கு. அப்புறம்தான் அசல் சோதனை. தளத்தின் ஓரத்தை ஒரு விரலால் அமுக்கி முப்பது டிகிரி அளவு சாய்த்துவிட்டு விரலை எடுங்கள். டக்கென்று நிமிர்ந்து நாலைந்து தடவை ஆடி அடங்கினால் நல்லது. சோம்பலாக, யோசித்து யோசித்து நிமிர்ந்தால் தலைக்கனம் இருக்கிறது என்று அர்த்தம், மேலிருந்து குறையுங்கள். எனக்கு உச்சியில் நிற்கும் மாஸ்ட் கம்பியை மாற்ற வேண்டியிருந்தது, சைக்கிள் ஸ்போக் வைத்திருந்தேன், எடுத்துவிட்டு விளக்கமாற்றுக் குச்சி வைத்தேன். சில கிராம்தான் வித்தியாசம், ஆனால் உச்சியில் சில கிராம். எல்லாம் சரியானதும் எடைகளை எம்-சீலால் மூடி, தளத்தை ஒட்டி, பெயின்ட் அடியுங்கள். கோட்டுக்குக் கீழே சிவப்பு, கோட்டில் மெல்லிய கறுப்புப் பட்டை, மேலே சாம்பல். பெயின்ட்டும் ஒரு 40 கிராம் பிடிக்கும், அதற்கு இடம் விட்டு எடையைக் குறைத்தே வையுங்கள்.

கண்ணாடித் தொட்டி வேலைக்கு வருகிறேன், எங்கள் மேசையில் கூட்டம் சேர்ந்தது கப்பலுக்காக இல்லை, இதற்காகத்தான். கடல் தண்ணீர் மேலே சூடு, கீழே குளிர்ச்சி. தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல், ஆனால் சூடும் குளிரும் மாறும் இடத்தில் நேராகப் போகாமல் வளைந்துவிடும். அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு நிழல் விழும், நீர்மூழ்கி அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். மேலே இருக்கும் காதுக்கு ஒன்றும் கேட்காது, அதனால்தான் இன்னொரு காதைக் கயிற்றில் கட்டி அந்தப் படலத்துக்குக் கீழே இறக்குகிறார்கள்.

இதை ஒளியால் காட்டலாம். ஒன்றரை அடி நீள மீன் தொட்டியில் பாதிக்கு நல்ல தண்ணீர். ஒரு கிலோ கல்லுப்பை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டி, புனல் வைத்த குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டு, அவசரப்படாமல் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டால் நடுவில் மெதுவாக மாறும் ஒரு படலம் உண்டாகும். காலையில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, தொட்டியின் ஒரு முனையில் இருந்து அந்தப் படலத்தின் வழியாக லேசர் விளக்கைக் கிடையாக அடியுங்கள். நேராகப் போக வேண்டிய சிவப்புக் கோடு கீழே வளைந்து போவது பளிச்சென்று தெரியும். லேசரைப் பெரியவர் யாராவது பிடியுங்கள், எதிர் முனையில் கறுப்பு அட்டை வையுங்கள், பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. எங்கள் தொட்டியைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் எல்லாம் கலந்துவிட்டது, ஆகவே முந்தின நாள் சாயங்காலமே அங்கேயே போய் ஊற்றிவிடுங்கள்.

எதிரொலிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பிள்ளையைப் பக்கத்துக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய்க் குனிந்து கூப்பிடச் சொல்லுங்கள், அதுதான் சோனார். அப்புறம் கணக்கு: கடலுக்குள் சத்தம் போய்த் திரும்ப 4 நொடி ஆனால் நீர்மூழ்கி 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆறு கிலோமீட்டர் என்று சொன்னால் பாதி மார்க் போச்சு.

நடுவர்கள் கேட்கும் ஒரு கேள்வி, "இவ்வளவு சின்னக் கப்பல் என்ன செய்துவிடும்?" அதற்கு இரண்டு பதிலைச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று, 1942 நவம்பர் 11. அன்றைய இந்தியக் கடற்படைக்கு ஆஸ்திரேலியாவில் கட்டிய நாலு சிறு கப்பல்கள் இருந்தன, ஒன்றின் பெயர் மெட்ராஸ், இன்னொன்று பெங்கால். 700 டன்கூட இல்லாத அந்த பெங்கால், கூட ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலை வைத்துக்கொண்டு, ஆளுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் இருந்த பீரங்கி பொருத்திய இரண்டு ஜப்பானிய வணிகக் கப்பல்களோடு மோதியது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது, பெங்கால் ஊர் வந்து சேர்ந்தது. இன்னொன்று சந்தோஷமான கதை இல்லை. 1971 டிசம்பர் 9, நீர்மூழ்கி வேட்டைக்குப் போன குக்ரி கப்பலை டியூ கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்ப்பிடோ போட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் பிழைக்கிறார்கள் என்று அக்கா பெண் அதைச் சொன்னபோது நடுவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும் கப்பலைத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடியில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் எங்கள் வீட்டு மாடியில் நாலு மணி நேரம் வைத்ததில் சன் போர்டு இளகி, மூக்கு ஒரு விரல் அளவு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டுவிட்டது. டிரையர் வைத்து வளைத்தேன், பாதிதான் திரும்பியது. இப்போது அது டிவி மேல் நிற்கிறது, பெரியப்பா வரும்போதெல்லாம் "அலை ஏறுதுடா" என்கிறார்.